முதல் திரைக்குப் பணம், நான்காவது திரையில் படம்: மதுரையில் கார்ப்பந்தயப் படம் பார்க்கச் செல்வோருக்கு

மதுரை நகருக்குள் இருக்கும் ஒரு திரையரங்கு வளாகத்தில், வளாகத்திலேயே பெரிய திரை, கூரையிலிருந்தும் வரும் அட்மாஸ் ஒலி, ஆங்கில மூலப் பதிப்பு என்ற மூன்றையும் சொல்லி விற்கப்பட்ட ‘எஃப்1’ என்ற ஃபார்முலா ஒன் கார்ப்பந்தயப் படத்தின் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு நானும் என் அக்காவும் அவர் மகனும் 2025 ஜூன் 28 சனிக்கிழமை மாலைக் காட்சிக்குப் போனோம். அங்கே எங்களுக்குக் கிடைத்தது வேறொரு சிறிய அரங்கு, நான்கு புறமும் கருப்புப் பட்டை விழுந்த மங்கலான படம், பக்கத்து அரங்கின் மேளச் சத்தத்தை மிஞ்ச முடியாத ஒலி. புகார் நிலுவையில் இருப்பதால் வளாகத்தின் பெயரை எழுதவில்லை. நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன்; இதே குறைகள் எந்த ஊரில் எந்த அரங்கிலும் நேரலாம், நேரும்போது அவற்றை அடையாளம் காணத் தெரிந்திருப்பது நல்லது.

ஒரு சினிமாவுக்காக இவ்வளவு வருந்த வேண்டுமா என்று அக்காவே கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை இங்கேயும் சொல்ல வேண்டும். 2005இல் நாராயண் கார்த்திகேயன் ஜோர்டான் அணியின் காரை ஓட்டி, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரான ஆண்டிலிருந்து நான் இந்தப் பந்தயங்களைப் பார்த்து வருகிறேன். 2011 அக்டோபரில் மதுரையிலிருந்து சம்பர்க் கிராந்தி ரயிலில் தில்லி போய், கிரேட்டர் நொய்டாவின் புத் ஓடுதளத்தில் நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரீ என்ற ஃபார்முலா ஒன் பந்தயத்தை நேரில் பார்த்தேன். அன்று செபாஸ்டியன் வெட்டல் வென்றதைவிட, நிமிடத்துக்கு 18,000 சுற்று வரை சுழன்ற அந்த 2.4 லிட்டர் வி8 எஞ்சின்களின் ஒலிதான் இன்றும் என்னோடு இருக்கிறது. அது காதால் மட்டும் கேட்கும் ஒலியன்று. நெஞ்சாங்கூட்டுக்குள் புகுந்து அதிர்ந்த ஒலி. 2013க்குப் பிறகு ஃபார்முலா ஒன் இந்தியாவுக்கு வரவில்லை. நம் பக்கத்துப் பிள்ளைகள் ஒரு பந்தயக் காரின் உறுமலை நேரில் கேட்க வேண்டுமென்றால் கோவை செட்டிபாளையத்துக்கோ சென்னை இருங்காட்டுக்கோட்டைக்கோதான் போக வேண்டும். அங்கும் ஓடுவது ஃபார்முலா ஒன் காரன்று.

அக்கா மகனுக்குப் பன்னிரண்டு வயது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்ற நாளிலிருந்து அவனுக்குப் பந்தயத்தைத் தவிர வேறு பேச்சில்லை. டயர்களில் சிவப்புக் கோடு மென்மை, மஞ்சள் நடுத்தரம், வெள்ளை கடினம் என்பதையெல்லாம் கைபேசியில் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டான். அந்த ஒலியைப் பற்றி மட்டும் நான்தான் அவனுக்குச் சொல்லியிருந்தேன். “நெஞ்சுக்குள்ள இடி இறங்குற மாதிரி இருக்கும்டா, நீயே பாரு” என்று ஒரு மாதமாக ஆசை காட்டியிருந்தேன்.

இந்தப் படத்துக்கு நல்ல திரையும் ஒலியும் அலங்காரமல்ல. 2023இல் சில்வர்ஸ்டோனில் உண்மையான பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ நடந்த நாட்களிலேயே அதன் காட்சிகளை எடுத்தார்கள். மெர்சிடிஸ் அணியின் உதவியோடு ஃபார்முலா ஒன்னுக்கு அடுத்த நிலையிலுள்ள ஃபார்முலா டூ கார்களை மாற்றியமைத்து, அவற்றில் கேமராக்களைப் பொருத்தி, நடிகர்களையே ஓட்ட வைத்தார்கள். கதை எளிமையானது, எவரும் ஊகித்துவிடலாம். ஓட்டுநரின் கழுத்து வளைவில் பக்கவாட்டுக்கு இழுபடுவதும், பிரேக் பிடிக்கும் இடத்தில் டயர் பூட்டிக்கொண்டு புகைவதும், கியர் இறங்கும்போது எஞ்சின் குரல் படிப்படியாக மாறுவதும்தான் படத்தின் சாரம். அவை தெரியாமலும் கேட்காமலும் போனால் மிஞ்சுவது வெறும் கதைச் சுருக்கம்.

முதலில் கோவைக்குப் போய் ஐமேக்ஸ் என்ற மிகப் பெரிய திரையில் பார்ப்பதாகத்தான் இருந்தேன். போக வர ஒரு முழு நாள் ஆகிவிடும், பையனுக்கு மறுநாள் தனிவகுப்பு இருந்தது. முன்பதிவுப் பக்கத்தில் ‘முதல் திரை, அட்மாஸ்’ என்று இருந்ததைப் பார்த்து, ஐயத்தோடு வளாகத்துக்குத் தொலைபேசியிலும் கேட்டேன். “ஸ்கிரீன் ஒண்ணுதான் சார், நம்மகிட்ட இருக்கிறதுலயே பெரிசு” என்று உறுதி சொன்னார்கள். மூன்று டிக்கெட்டுக்கும் முன்பதிவுக் கட்டணத்துக்குமாக 700 ரூபாய்க்குச் சற்று மேல் செலுத்தினேன். திருமங்கலத்திலிருந்து பேருந்தில் பெரியார் நிலையம் வந்து, அங்கிருந்து ஆட்டோ பிடித்து, காட்சிக்கு அரை மணி முன்பே போய்ச் சேர்ந்தோம்.

வாசலில் டிக்கெட்டைப் பார்த்த ஊழியர் எங்களை நான்காவது திரைக்குப் போகச் சொன்னார். முதல் திரை வேறொரு படத்துக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. எங்கள் இருக்கை எண்கள் இந்த அரங்கில் இல்லையே என்று கேட்டதற்கு, “நம்பர் பாக்க வேணாம் சார், எங்க வேணும்னாலும் உக்காருங்க” என்றார். அந்த நிமிடமே மேலாளரைப் பார்த்திருக்க வேண்டும். பையன் ஆவலோடு உள்ளே ஓடிவிட்டான். நானும் பின்னால் போய்விட்டேன். இதை நான் செய்த தவறாகவே எழுதுகிறேன்: உள்ளே போய் உட்கார்ந்தவுடன் நாம் மாற்றத்துக்கு ஒப்புக்கொண்டதாகவே அவர்கள் பேசுகிறார்கள்.

படம் இருபது நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தின் இரவில் தொடங்கும் அந்தக் காட்சியில், எங்கள் திரையில் இருட்டில் நகரும் விளக்குப் புள்ளிகளைத் தவிர வேறொன்றும் புலப்படவில்லை. கார் எது, தடுப்புச் சுவர் எது என்று பிரித்தறிய முடியவில்லை. டிஜிட்டல் திரையிடலில் வெள்ளை நிறம் திரையில் 14 ஃபுட்-லாம்பெர்ட் (திரையின் ஒளியை அளக்கும் அலகு) ஒளியோடு தெரிய வேண்டும் என்பது தரநிலை. புரொஜெக்டரின் விளக்கு வயதாகி மங்கினாலோ, முப்பரிமாணப் படத்துக்குப் போட்ட வடிகட்டியைக் கழற்றாமல் விட்டாலோ ஒளி பெரிதும் குறைந்துவிடும். கருவி இல்லாமலும் இதைக் கண்டுகொள்ளலாம்: படத்தில் வானமோ வெள்ளைச் சட்டையோ வரும்போது அது வெள்ளையாகத் தெரியாமல் அழுக்கு வேட்டி நிறத்தில் தெரிந்தால் ஒளி போதவில்லை என்று பொருள்.

அதைவிட மோசம் படத்தின் அளவு. படங்கள் பெரும்பாலும் இரண்டு வடிவங்களில் அரங்குக்கு வருகின்றன. உயரத்தைப் போல 1.85 மடங்கு அகலமுள்ளது ஃப்ளாட், 2.39 மடங்கு அகலமுள்ளது ஸ்கோப். ஃப்ளாட் வடிவ விளம்பரங்கள் ஓடி முடிந்து ஸ்கோப் படம் தொடங்கும்போது லென்ஸின் அமைப்பை மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால், அகலத் திரையின் நடுவில் படம் சுருங்கி நின்றுவிடும். மேலும் கீழும் இடமும் வலமும் கருப்பாக இருக்கும். அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு, உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய், மொத்தப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீணாகிறது. ஏற்கெனவே சிறிய அந்தத் திரையில் எங்களுக்கு அதுதான் நடந்தது. மேலும் கீழும் மட்டும் கருப்புப் பட்டை இருந்தால் அது சில அரங்குகளின் திரை அமைப்பால் வருவது; நான்கு புறமும் இருந்தால் அது கவனக்குறைவு, உடனே சரிசெய்யக் கூடியது.

பிறகு ஒலி. முதல் கார் எங்களைக் கடந்து போனபோது பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். “மாமா, வீட்டு டிவியிலயே இதவிடச் சத்தமாக் கேக்குமே?” என்றான். கேலியாகக் கேட்கவில்லை; நான் சொன்ன இடி இனிமேல்தான் வருமோ என்று உண்மையாகவே கேட்டான். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. எழுந்து வெளியே போனேன்.

ஆபரேட்டர் அறை வாசலில் நின்றவர் நல்ல மனிதர், எதையும் மறைக்கவில்லை. “பல்பு மாத்தணும்னு சொல்லியிருக்கோம்ணே. சவுண்டு நாலரையில வச்சிருக்கோம், அதுக்கு மேல ஏத்தினா சைடு ஸ்பீக்கர் கரகரங்குது” என்றார். ஒலிக் கருவியில் ஏழு என்பதுதான் படத்தின் ஒலியைக் கலவை செய்தவர்கள் கேட்ட அளவு. சில அரங்குகள் அதைக் குறைத்தே ஓட்டுகின்றன என்பது தெரியும். ஆனால் பழுதான ஒலிபெருக்கியை மறைப்பதற்காக நாலரைக்கு இறக்கிவிட்டு, அதையே அட்மாஸ் என்று விற்பது வேறு விஷயம். அந்த நான்காவது திரையில் அட்மாஸுக்கு வேண்டிய கூரை ஒலிபெருக்கிகளே இல்லை. லென்ஸை மட்டும் அவர் உடனே சரிசெய்தார். நான் இருக்கைக்குத் திரும்புவதற்குள் படம் திரை அகலத்துக்கு விரிந்தது. அவர்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

மேலாளர் அப்படி இல்லை. “அண்ணே, திரை மாறலாம்னு டிக்கெட்லயே போட்டிருக்கு, பாருங்க” என்றார். பார்த்தேன், அடியில் பொடி எழுத்தில் இருந்தது. இயந்திரக் கோளாறால் ஓர் அரங்கிலிருந்து அதற்கு ஈடான இன்னோர் அரங்குக்கு மாற்றினால் அந்த வரி பொருந்தும். அதிக வசூல் தரும் படத்துக்கு முதல் திரையைக் கொடுத்துவிட்டு, அதன் பெயரைச் சொல்லி எங்களிடம் வாங்கிய பணத்தை வைத்துக்கொள்ள அந்த வரி இடம் கொடுக்காது என்பது என் வாதம். “வேற யாரும் ஒண்ணும் சொல்லலையே” என்பதுதான் அவருடைய கடைசிப் பதில். உள்ளே முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். உண்மையிலேயே யாரும் எழுந்து வரவில்லை.

இடைவேளையை ஒரு பந்தயத்தின் நடுவிலேயே விட்டார்கள். அதற்குப் பின் தொடங்கியபோது கார்களின் வரிசை மாறியிருந்தது எனக்குக் குழப்பமாக இருந்தது. இரண்டு வாரம் கழித்து, ஆரப்பாளையத்தில் பேருந்து ஏறிப் பையனைக் கோவைக்கு அழைத்துப் போய் ஐமேக்ஸில் பார்த்தபோதுதான் மதுரையில் ஐந்து நிமிடத்துக்குக் குறையாத பகுதி எங்களுக்குக் காட்டப்படவே இல்லை என்பது தெரிந்தது. 155 நிமிடப் படத்தின் தாமதத்தை ஈடுகட்டி அடுத்த காட்சியை நேரத்துக்குத் தொடங்கவே அப்படிச் செய்தார்கள் என்று நான் கருதுகிறேன். கோவையில் முதல் கார் கடந்தபோது பையன் என் முழங்கையை இறுகப் பிடித்தவன் வெகுநேரம் விடவில்லை.

அன்றிரவே முன்பதிவுக் குறுஞ்செய்தி, நான்காவது திரையின் கதவு எண், வெளியே தொங்கிய ‘முதல் திரை’ விளம்பரப் பலகை ஆகியவற்றின் படங்களோடு வளாகத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். பதிலாக எந்தப் படத்துக்கும் செல்லும் இரண்டு இலவச டிக்கெட்டுகள் தருவதாகச் சொன்னார்கள். நாங்கள் மூவர் போயிருந்தோம் என்பதைக்கூட அவர்கள் படிக்கவில்லை. மறுத்துவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதிந்தேன். தமிழிலேயே பேசிப் பதியலாம். பணம் முழுவதும் திரும்ப வர வேண்டும், நான்காவது திரையில் ஓடும் படத்துக்கு முதல் திரையின் பெயரைப் போடுவதை நிறுத்த வேண்டும் என்ற இரண்டையும் கேட்டிருக்கிறேன். இதற்கும் உரிய பதில் வராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நாமே மனு கொடுக்கலாம்.

டிக்கெட் எடுக்கும் முன் எந்தத் திரை என்பதை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசிச் சொல் எனக்கு உதவவில்லை. வாசலில் திரை மாறியிருந்தால் உள்ளே போகாமல் பணத்தைக் கேளுங்கள். உள்ளே போய்விட்டால் முதல் ஐந்து நிமிடத்திலேயே எழுந்து வெளியே வந்து சொல்லுங்கள். இடைவேளையில் போனால் பாதிப் படம் பார்த்தாயிற்றே என்பார்கள். அந்தச் சனிக்கிழமை மாலை எங்களோடு அதே நான்காவது திரையில் இருந்தவர்கள் இதைப் படிக்க நேர்ந்தால், முன்பதிவுக் குறுஞ்செய்தியை அழித்துவிடாமல் வைத்திருங்கள். ஆணையத்தில் மனு கொடுக்கும்போது நான் ஒருவன் மட்டுமல்ல என்று காட்ட அது வேண்டும்.