சாளரம் திறக்கும்போது குப்பைக் காட்சி: கம்போசிட்டரை அணைப்பதா, மாற்றுவதா, வேலண்டுக்குப் போவதா?

லினக்ஸில் டெர்மினலையோ கோப்பு உலாவியையோ திறக்கிறீர்கள். சாளரம் முழுதாக வருவதற்குள், கண் இமைக்கும் நேரத்துக்கு அந்த இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம் தெரிகிறது. அல்லது வண்ணப் புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன. சில நேரம் சற்று முன் மூடிய வேறொரு சாளரத்தின் துண்டுகூட எட்டிப் பார்க்கும். வேலை எதுவும் கெடுவதில்லை. ஆனாலும் நாள் முழுக்க இதைப் பார்த்தால் கண் சோர்ந்துவிடும், கிராபிக்ஸ் கார்டு போய்விட்டதோ என்ற பயமும் வந்துவிடும். கணினியை இயக்கியதும் வரும் பயாஸ் திரையிலும் சிதறல் இருந்தால் கார்டைச் சந்தேகியுங்கள். சாளரம் திறக்கும் கணத்தில் மட்டும் வந்து மறைந்தால், கோளாறு பெரும்பாலும் மென்பொருளில்தான்.

லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்டும் பழைய அமைப்பான எக்ஸ்11 வந்தது 1987இல். அன்று ஒவ்வொரு செயலியும் நேராகத் திரையிலேயே வரைந்தது. நிழலும் ஒளி ஊடுருவும் சாளரங்களும் வந்தபோது, கம்போசிட்டர் என்ற தனி நிரல் நடுவே சேர்க்கப்பட்டது. செயலிகள் மறைவில் தங்களுக்கான நினைவகத்தில் வரையும். கம்போசிட்டர் அவற்றை அடுக்கித் திரைக்கு அனுப்பும். புதுச் சாளரத்துக்கு நினைவகம் ஒதுக்கியதுமே கம்போசிட்டர் அதைக் காட்டிவிடலாம், செயலி ஒரு கோடுகூட வரைந்திராத நிலையில். அந்த நினைவகத்தில் முன்பு என்ன கிடந்ததோ அதுதான் கண்ணில் படுகிறது. நடிகர் ஒப்பனைக்கு உட்காரும்போதே திரையை விலக்கிவிட்ட மாதிரி.

முதல் வழி, கம்போசிட்டரை அணைத்துவிடுவது. எப்படி என்பது உங்கள் டெஸ்க்டாப் சூழலைப் பொறுத்தது: எக்ஸ்எஃப்சிஇ, மேட்டே இரண்டிலும் அமைப்புகளில் ஒரு டிக்கை எடுத்தால் போதும். எக்ஸ்11இல் ஓடும் கேடிஇ பிளாஸ்மாவில் ஷிஃப்ட், ஆல்ட், எஃப்12 மூன்றையும் சேர்த்து அழுத்தலாம். க்னோமிலும் சின்னமனிலும் இப்படி அணைக்க வழியில்லை. அணைத்ததும் குப்பை மறைந்தால், சிக்கல் எங்கே என்று தெரிந்துவிட்டது. இதற்காகவே நான் எப்போதும் இதை முதலில் செய்வேன். நிரந்தரமாக அணைத்து வைப்பது வேறு விஷயம்: நிழல் போய்விடும், வீடியோ பார்க்கும்போதும் பக்கத்தை உருட்டும்போதும் படம் குறுக்கே கிழிந்தாற்போலத் தெரியலாம். மிகப் பழைய கணினி என்றால் சரி, மற்றவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

இரண்டாவது, எக்ஸ்11இலேயே இருந்துகொண்டு கம்போசிட்டரின் போக்கை மாற்றுவது. எக்ஸ்எஃப்சிஇ-யின் செட்டிங்ஸ் எடிட்டரில், சாளர மேலாளருக்கு உரிய பகுதியில் வீபிளாங்க் மோட் (vblank_mode) என்று ஒன்று இருக்கிறது; திரை புதுப்பிக்கும் கணத்தோடு வரைதலை ஒத்திசைக்கும் முறை அது. ஜிஎல்எக்ஸ், எக்ஸ்பிரசென்ட், ஆஃப் மூன்றையும் மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வெளியேறி மீண்டும் உள்ளே வரவேண்டும். எது பொருந்தும் என்பது கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் பொறுத்தது. அதிலும் சரியாகவில்லையா, உள்ளிருக்கும் கம்போசிட்டரை அணைத்துவிட்டு பிகாம் (picom) என்ற தனிக் கம்போசிட்டரைப் போடலாம். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடாது. காம்ப்டன் என்ற பழைய கம்போசிட்டரிலிருந்து பிரிந்து வளர்ந்த பிகாமில் எக்ஸ்ரெண்டர், ஜிஎல்எக்ஸ் என்று வரையும் முறையைத் தேர்ந்தெடுக்க முடியும். மாறிய பகுதியை மட்டும் மறுபடி வரையும் வசதியையும் நிறுத்தலாம். இதை நிறுத்தினால் ஒவ்வொரு முறையும் முழுத் திரையும் புதிதாக வரையப்படும். பல வகைச் சிதறல்கள் இதிலேயே ஓய்ந்துவிடும், ஆனால் மடிக்கணினியில் பேட்டரி கூடுதலாகச் செலவாகும்.

மூன்றாவது, எக்ஸ்11க்கு மாற்றாக வந்த வேலண்ட். என் ஓட்டு இதற்குத்தான், காரணம் அதன் அடிப்படை விதி: செயலி தன் முதல் படத்தை வரைந்து ஒப்படைக்கும் வரை சாளரம் திரைக்கே வராது. எக்ஸ்11இல் ஒட்டுப்போட்டு மறைக்கும் ஓட்டை இங்கே வடிவமைப்பிலேயே இல்லை. ஃபெடோரா 2016இலேயே க்னோமுக்கு இதை இயல்பாக்கியது. பிளாஸ்மா 6 வழியாக 2024இல் கேடிஇ-யும் மாறியது. உபுண்டு 25.10இல் க்னோமுக்கு எக்ஸ்11 அமர்வே கிடையாது. என்விடியா கார்டு வைத்திருப்பவர்களைத்தான் இது நீண்டகாலம் வாட்டியது. கார்டு வரைந்து முடித்ததா என்பதைக் கம்போசிட்டருக்குத் தெளிவாகச் சொல்லும் ஏற்பாடு அப்போது அங்கே இல்லை. அதனால், குறிப்பாக எக்ஸ்11 செயலிகளை வேலண்டில் ஓட்டும் எக்ஸ்வேலண்ட் வழியாக ஓடும் பழைய செயலிகளில், மினுக்கலும் பழைய சட்டகமும் வந்தன. 2024இல் எக்ஸ்ப்ளிசிட் சிங்க் என்ற நெறிமுறை வந்து, என்விடியாவின் 555 வரிசை டிரைவர் அதை ஏற்றபின் நிலைமை மிகவும் தேறிவிட்டது. ஆகவே அதைவிடப் பழைய டிரைவரோடு வேலண்டைச் சோதித்துவிட்டு ஒதுக்கிவிடாதீர்கள். எக்ஸ்எஃப்சிஇ-யும் சின்னமனும் விரும்புகிறவர்கள் பொறுக்கவேண்டும்; எக்ஸ்எஃப்சிஇ 4.20இலும், சின்னமனோடு வரும் லினக்ஸ் மின்ட் 21.3இலும் வேலண்ட் வந்திருந்தாலும் சோதனை நிலையாகத்தான் வந்தது. எக்ஸ்எஃப்சிஇ-காரர்களுக்கு இப்போதைக்கு இரண்டாவது வழிதான்.

எல்லாச் சாளரங்களிலும் இல்லாமல் ஒரு சில செயலிகளில் மட்டும் இது வந்தால், கம்போசிட்டரைத் தொடவே வேண்டாம். பல செயலிகள் தங்கள் சாளரங்களை வரையப் பயன்படுத்தும் ஜிடிகே நூலகத்தின் 4.14 பதிப்பு, 2024 மார்ச்சில் வரையும் முறையை மாற்றியது; சில பழைய டிரைவர்களுக்கு அது ஒத்துவரவில்லை. அந்தச் செயலியைத் திறக்கும்போது மட்டும் ஜிஎஸ்கே ரெண்டரர் என்ற சூழல் மாறியைக் கெய்ரோ என்று (GSK_RENDERER=cairo) வைத்துப் பாருங்கள், அப்போது கிராபிக்ஸ் கார்டின் உதவி இல்லாமலே வரையும். குரோமியம் வகை உலாவி என்றால் அதன் அமைப்புகளில் வன்பொருள் முடுக்கத்தை அணைத்துப் பாருங்கள். குறிப்பாக வீடியோ ஓடும்போது சிபியு கொஞ்சம் சூடாகும்.