எக்ஸ்பிஎஸ் என்று சொல்லி தெர்மாகோல் அனுப்புகிறார்கள்: கல் பாவிய தெருத் தட்டு வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் போர் ஆடும் வார்கேம் மேசைக்கு, தரையாக அடுக்குகிற கல் பாவிய தெருத் தட்டு வேண்டும் என்று ஆன்லைனில் தேடிக்கொண்டிருக்கிறவர்கள், பணம் அனுப்புவதற்கு முன்னால் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். எக்ஸ்பிஎஸ் என்கிற கெட்டியான ஃபோம் பலகையில் செய்தது என்று நம்பி நான் 5,750 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். புதிதாக இந்தப் பொழுதுபோக்குக்குள் வருகிற பையன்கள் பலர் நான் வாங்கிய அதே ஆன்லைன் விற்பனைப் பக்கத்தில் ‘விலை என்ன ப்ரோ’ என்று கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்த பிறகுதான் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

நாங்கள் கோவையில் நான்கு பேர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, 28 மிமீ பொம்மைகளை வைத்து இரண்டாம் உலகப் போரை ‘போல்ட் ஆக்‌ஷன்’ விதிகளின்படி ஆடுகிறோம். ஆறடிக்கு நாலடி மேசை. பொங்கல் விடுமுறைக்கு காரன்டான் ஊரைக் களமாக வைக்கலாம் என்று முடிவாகியிருந்தது. நார்மண்டியில் இருக்கிற சின்ன ஊர் அது. 1944 ஜூன் 12 அன்று அமெரிக்காவின் 101-வது வான்வழிப் படைப்பிரிவு அதை ஜெர்மானியர்களிடமிருந்து பிடித்தது. ஊர் நடுச் சதுக்கத்தில் கல் வளைவுகளோடு நிற்கும் பழைய வீடுகளை நண்பர் ஒருவர் அட்டையில் அவ்வளவு அழகாகச் செய்துவிட்டார். தரை மட்டும் பாக்கி. சதுக்கத்துக்கும் அதிலிருந்து பிரியும் இரண்டு தெருக்களுக்கும் சேர்த்து ஒரு அடிக்கு ஒரு அடி அளவில் 12 தட்டுகள் தேவைப்பட்டன. தரையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பொறுப்பேற்றேன்.

வேலை அதிகம் இருந்த மாதம் அது. செய்ய நேரமில்லை, வாங்கிவிடலாம் என்று தேடியபோதுதான் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. கடைப் பெயர் எழுதப் போவதில்லை. பெயர் மாற்றிக்கொண்டு மறுபடி வருவார்கள், அதனால் ஆளைவிட முறையைத் தெரிந்துகொள்வதுதான் உதவும். படங்கள் பிரமாதமாக இருந்தன. மழை பெய்து ஓய்ந்த தெரு மாதிரி ஈரப் பளபளப்பு, கல் இடுக்குகளில் பாசி, நடுவில் ஒரு சிப்பாய். தட்டு ஒன்று 450 ரூபாய், 12 தட்டுக்கு 5,400, கூரியர் 350. முழுப் பணமும் முன்கூட்டியே யூபிஐயில் அனுப்பச் சொன்னார்கள்.

நான் கேட்காமல் விடவில்லை. என்ன பொருள் என்று கேட்டதற்கு வந்த பதில் இன்னும் என் போனில் இருக்கிறது: “அண்ணா, ஒரிஜினல் எக்ஸ்பிஎஸ், ஹை டென்சிட்டி. ஸ்ப்ரே பிரைமர் நேரடியா அடிக்கலாம், ஒண்ணும் ஆகாது.”

பிரைமர் என்பது பெயின்டுக்கு முன்னால் அடிக்கும் அடிப்பூச்சு. அந்த இரண்டாவது வாக்கியத்திலேயே நான் நின்றிருக்க வேண்டும். எக்ஸ்பிஎஸ்ஸும் பாலிஸ்டைரின்தான், தெர்மாகோலும் பாலிஸ்டைரின்தான். சாதாரண ஸ்ப்ரே டப்பாவில் இருக்கும் கரைப்பான் பட்டால் இரண்டுமே கரையும். மேலே பூச்சு கொடுத்து மூடாத எந்தத் தட்டிலும் அந்த ஸ்ப்ரேயை அடிக்க முடியாது. இந்த ஃபோமைக் கையால் தொட்டு வேலை செய்த எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்.

‘பத்து நாளில் வரும்’ என்றது ஏழு வாரம் ஆனது. பெட்டியைத் திறந்ததும் ஒரு தட்டை எடுத்து வெட்டுப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஓரம் முழுக்க மணி மணியாக இருந்தது. நகத்தால் கீறினேன், இரண்டு வெள்ளை உருண்டைகள் உதிர்ந்து விரலில் ஒட்டிக்கொண்டன. டிவி பெட்டிக்குள் வருமே, அதே தெர்மாகோல். அதன் மேல் பெயின்டர்கள் சுவரில் பார்க்கும் பட்டியைப் பூசி, ஈரமாக இருக்கும்போதே ஏதோ அச்சை அழுத்தி, சாம்பல் நிறம் அடித்து அனுப்பியிருக்கிறார்கள்.

இந்த வித்தியாசம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தெர்மாகோல் என்பது பாலிஸ்டைரின் மணிகளை நீராவியில் ஊதிப் பெருக்கி அச்சுக்குள் ஒன்றோடொன்று ஒட்ட வைப்பது. எக்ஸ்பிஎஸ் என்பது அதே பாலிஸ்டைரினை உருக்கி, வாயுவைக் கலந்து, தகடாகப் பிதுக்கி எடுப்பது. அதில் மணியே இருக்காது. வெட்டினால் வெண்ணெய்க் கட்டியை அறுத்த மாதிரி வழவழவென்று இருக்கும். பேனா முனையால் கோடு இழுத்தால் கோடு அப்படியே நிற்கும். தெர்மாகோலில் இழுத்தால் மணி பிய்ந்து வரும். நம் வேலைக்கு எக்ஸ்பிஎஸ் வேண்டும் என்று எல்லோரும் சொல்வதற்குக் காரணம் இந்த ஒன்றுதான்.

சரி, பட்டி பூசியிருக்கிறதே, மேல்பக்கம் நன்றாக இருந்தால் ஒப்பேற்றலாம் என்று நினைத்து ஒரு சிப்பாயை வைத்துப் பார்த்தேன். மனசே விட்டுப்போயிற்று. ஸ்கேலை வைத்து அளந்தால் ஒவ்வொரு கல்லும் 9 மிமீ. 28 மிமீ பொம்மை என்பது ஏறக்குறைய 1:56 விகிதம். 9 மிமீயை 56-ஆல் பெருக்கினால் 50 சென்டிமீட்டர். ஃபிரான்சில் தெருவுக்குப் பாவுகிற சின்னக் கல் 10 சென்டிமீட்டர் அளவுக் கனசதுரம், பெரிய வகை 14-க்கு 20 சென்டிமீட்டர். எங்கள் விகிதத்தில் முதலாவது 2 மிமீகூட வராது, இரண்டாவது இரண்டரைக்கு மூன்றரை மிமீ. கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக நாம் கொஞ்சம் பெரிதுபடுத்துவோம்; 4, 5 மிமீ வரை பார்க்க நன்றாகவே இருக்கும். 9 மிமீ என்றால் அது தெருக்கல் இல்லை, பாறை. சிப்பாயின் காலடியில் இருக்கும் 25 மிமீ வட்ட பேஸ் மூன்று கல்லுக்குள் முடிந்துவிட்டது. கற்களின் உருவமும் வேறு. நார்மண்டித் தெருவுக்கு வெட்டிய கல்லை வரிசை வரிசையாக, இணைப்புகள் ஒன்றுக்கு நேராக ஒன்று வராதபடி மாற்றி மாற்றிப் பாவியிருக்க வேண்டும். எனக்கு வந்ததோ பாதாளக் குகை விளையாட்டுகளுக்குப் போடுகிற ஒழுங்கற்ற உருண்டைக் கற்கள். தட்டுக்குத் தட்டு வடிவமும் சேரவில்லை.

அப்புறம் அந்த ஸ்ப்ரேயையும் சோதித்தேன். ஒரு தட்டின் மூலையில், அவர்கள் சொன்னபடியே பிரைமரை இரண்டு வினாடி அடித்தேன். பட்டி மூடாத ஓரத்தில் முதலில் சின்னப் பள்ளம் விழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணிகள் ஒவ்வொன்றாகச் சுருங்கி உள்வாங்கின. மேலே பட்டி மட்டும் முட்டை ஓடு மாதிரி நின்றது. விரலால் லேசாகத் தொட்டதும் அது நொறுங்கி உள்ளே விழுந்துவிட்டது.

இதையெல்லாம் படம் எடுத்து அனுப்பினேன். முதல் பதில், “ஹேண்ட்மேட் அண்ணா, கொஞ்சம் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.” மணி தெரிகிற வெட்டுப்பக்கத்தைப் பெரிதாக்கி அனுப்பியதும், “உங்க பெயின்ட் சரியில்ல.” பாதிப் பணமாவது திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். பிளாக் செய்துவிட்டார்கள். அன்று இரவு அவர்கள் போட்டிருந்த படத்தை கூகுளில் படமாகவே கொடுத்துத் தேடினேன். வெளிநாட்டுக்காரர் ஒருவர் பல வருடம் முன்பு தான் செய்த மேசையைக் காட்டிப் போட்ட படம் அது. அந்த மனிதர் பாசிக்குக்கூட அத்தனை பாடுபட்டிருக்கிறார். அவருடைய உழைப்பைக் காட்டி இவர்கள் காசு பார்க்கிறார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

வங்கியில் கேட்டபோது, நீங்களே யூபிஐ பின் எண் போட்டு அனுப்பிய பணம், நாங்கள் திருப்ப முடியாது என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்தேன், எண் கொடுத்தார்கள். சைபர் மோசடிக்கு 1930 இருக்கிறது. பணம் போனதும் எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு நல்லது, எனக்கோ ஏழு வாரம் கடந்துவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் நோட்டீஸ் அனுப்ப முகவரி வேண்டுமே? பார்சலில் அனுப்புநர் என்ற இடத்தில் ஒரு மொபைல் எண் மட்டும் இருந்தது. பில்லும் இல்லை. பணம் இதுவரை வரவில்லை.

அதனால் வாங்குவதாக இருந்தால் இரண்டு படம் கேளுங்கள். ஒன்று, வெட்டுப்பக்கத்தை மிக அருகில் எடுத்தது. இன்னொன்று, தட்டின் மேல் ஒரு ஸ்கேலை வைத்து எடுத்தது. இரண்டும் அன்றைய தேதி எழுதிய துண்டுச் சீட்டோடு இருக்கட்டும். உண்மையாகச் செய்து விற்கிறவருக்கு இது இரண்டு நிமிட வேலை. நேர்மையாகச் செய்கிற சிலரிடம் நான் வேறு பொருள்கள் வாங்கியிருக்கிறேன், அவர்கள் கேட்காமலே ஸ்கேல் வைத்துத்தான் காட்டுவார்கள். பில், முழு முகவரி, பொருள் கைக்கு வந்த பிறகு மீதிப் பணம். இதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் வாங்காதீர்கள்.

தரையைச் செய்து தருகிறேன் என்று நண்பர்களிடம் வாக்குக் கொடுத்ததாயிற்று, பொங்கலுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. கடைசியில் நானே செய்தேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வாங்க வேண்டிய தேவையே பலருக்கு இல்லை.

எக்ஸ்பிஎஸ் பலகை குளிர்பதனக் கிடங்குகளுக்கும் மொட்டை மாடி வெப்பத் தடுப்புக்கும் போடுவது. அந்த வேலை எடுத்துச் செய்கிற ஒப்பந்தக்காரரிடம் போய்க் கேட்டேன். 1250-க்கு 600 மிமீ, 25 மிமீ கனம் கொண்ட ஒரு பலகையை 400 ரூபாய்க்குக் கொடுத்தார். துண்டு துணுக்குகளைச் சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு பலகையில் எட்டுத் தட்டு வரும். நண்பரிடம் இருந்த சூட்டுக் கம்பிக் கட்டரில் கனத்தைப் பாதியாகப் பிளந்தோம், பதினாறு தட்டு ஆயிற்று. பிளக்கும்போது வரும் புகை நல்லதில்லை, ஜன்னல்களைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

மை தீர்ந்த பால்பாய்ன்ட் பேனாவால் 4 மிமீ இடைவெளியில் நேர்கோடுகள். முதல் தடவை மெதுவாக, இரண்டாம் தடவை அழுத்தி. ஒரேயடியாக அழுத்தினால் ஃபோம் கிழியும். கோடுகளுக்கு நடுவே குறுக்கு இணைப்புகளை 4 மிமீ முனை கொண்ட சின்ன ஸ்க்ரூடிரைவரால் குத்திக்கொண்டே போக வேண்டும். 5 மிமீக்கு ஒரு குத்து, அடுத்த வரிசையில் அரைக் கல் தள்ளி. ஒரு தட்டுக்கு 75 வரிசை, வரிசைக்கு 60 கல், மொத்தம் 4,500. ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். பாட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் கை தானாகப் போகும். நடைபாதை ஓரத்துக்குப் பெரிய கல் வேண்டுமானால், பென்சில் முனையில் ரப்பரைப் பிடித்திருக்கிற உலோக வளையத்தை எடுத்து இடுக்கியால் சதுரமாக நசுக்கிக்கொள்ளுங்கள். அதுவே அச்சு. ஒரு அழுத்துக்கு ஒரு கல்.

எல்லாக் கல்லும் ஒரே மட்டத்தில் இருந்தால் குளியலறை டைல்ஸ் மாதிரி தெரியும். அங்கங்கே சில கற்களைப் பேனாவின் பின்புறத்தால் அழுத்தி இறக்குங்கள். வண்டிச் சக்கரம் போகிற இரண்டு தடத்தைக் கட்டைவிரலால் நீளமாக நீவி விடுங்கள். பிறகு அலுமினிய ஃபாயிலை உருண்டையாகக் கசக்கி, தட்டு முழுக்க உருட்டினால் கல்லுக்குச் சொரசொரப்பு வந்துவிடும். நான் சொல்வதில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

அடுத்து ஃபெவிகாலும் கறுப்பு அக்ரிலிக் பெயின்டும் சம அளவு, கொஞ்சம் தண்ணீர், பிரஷ்ஷால் இரண்டு பூச்சு. வெட்டுப்பக்கம் உட்பட. காய்ந்தால் தோல் மாதிரி இறுகி நிற்கும், ஆடும்போது நகம் பட்டாலும் குழி விழாது. அதன் மேல் அடர் சாம்பல், இளஞ்சாம்பல் என்று டிரை பிரஷ் (பெயின்டைப் பெரும்பாலும் துடைத்துவிட்ட பிரஷ்ஷால் மேடுகளில் மட்டும் லேசாகத் தடவுவது), பத்துக்கு ஒரு கல்லுக்குப் பழுப்பு, கடைசியில் தண்ணீராகக் கரைத்த கறுப்புப் பழுப்பு வாஷ். வாஷ் இடுக்குகளில் போய் உட்கார்ந்ததும் தெரு தெருவாகிவிடும். ஸ்ப்ரேயை நான் கிட்டவே கொண்டுபோகவில்லை.

உருட்டினால் கல் வடிவம் பதிக்கிற டெக்ஸ்சர் ரோலர் வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். களிமண்ணுக்கும் எபாக்ஸி பட்டிக்கும் அது நன்றாக வேலை செய்யும். இறுக்கமான எக்ஸ்பிஎஸ்ஸில் ஒரே சீராகப் பதியாது. காற்றில் காயும் களிமண்ணைப் பெரிய பரப்பில் போட்டால் சுருங்கி வெடிக்கும்.

பன்னிரண்டு தட்டுக்கும் பலகை, ஃபெவிகால், பெயின்ட் எல்லாம் சேர்த்து எனக்கு 900 ரூபாய்க்குள் முடிந்தது. போகிக்கு முதல் நாள் ராத்திரி கடைசித் தட்டு காய்ந்தது. பொங்கலன்று சதுக்கத்தை அடுக்கி, அட்டை வீடுகளை அதன் மேல் வைத்தபோது, வீடு செய்த நண்பர் ஒன்றும் பேசாமல் குனிந்து தரையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே பணம் கட்டிக் காத்திருக்கிறவர்கள் இன்றே வெட்டுப்பக்கப் படம் கேளுங்கள், தராவிட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள். எனக்கு வந்த தட்டில் ஒன்றையும், நான் செய்த தட்டில் ஒன்றையும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். கோவைப் பக்கம் இருக்கிறவர்கள் எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வந்தால் இரண்டையும் கையில் எடுத்து, திருப்பி, நகத்தால் கீறியே பார்க்கலாம்.