ஐவர்மெக்டினா, நிட்டிசினோனா? நான் ஏன் இரண்டாவதை எடுத்தேன்

மனிதர் சாப்பிடும் மாத்திரை, அவர் ரத்தத்தைக் குடிக்கும் கொசுவைக் கொல்லுமா? இதற்காக, பைரித்ராய்டு என்ற பூச்சிமருந்துக்குச் சாகாத, மலேரியா பரப்பும் அனாபிலிஸ் கொசுக்களுக்கு மருந்து கலந்த ரத்தம் ஊட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. புழு நோய்களுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டினா, அரிய பரம்பரை நோய்களுக்குக் கொடுக்கும் நிட்டிசினோனா என்று இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் நிட்டிசினோனையே எடுத்தேன்.

பைரித்ராய்டு எதிர்ப்பு விஷயத்தில் இரண்டுமே தேறிவிடும். கொசுவலையில் ஏற்றும் பைரித்ராய்டு கொசுவின் நரம்பிலுள்ள சோடியம் வாயிலைத் தாக்குகிறது, அந்த வாயிலையே மாற்றிக்கொண்ட கொசு தப்பிக்கிறது. ஐவர்மெக்டினின் இலக்கு குளோரைடு வாயில். நிட்டிசினோனோ நரம்புப் பக்கமே போவதில்லை. வயிறு முட்ட ரத்தம் குடித்த கொசு அதிலுள்ள புரதத்தைச் செரிக்கும்போது டைரோசின் என்ற அமினோ அமிலம் குவியும், அதை உடைக்கும் நொதியை இந்த மருந்து அடைத்துவிடும், குடித்த ரத்தமே நஞ்சாகிவிடும். சர்க்கரைத் தண்ணீர் மட்டும் குடித்த கொசுவுக்கு ஒன்றும் ஆவதில்லை. கூண்டில் சிவந்து உப்பிய வயிற்றோடு ஒட்டியிருந்தவை முதலில் பறக்க முடியாமல் கீழே விழுந்தன, அப்புறம் கால்கூட அசையவில்லை.

எனக்கு முடிவைத் தந்தது, மருந்து ரத்தத்தில் எத்தனை நாள் நிற்கிறது என்பதுதான். மலேரியா ஒட்டுண்ணி கொசுவுக்குள் முதிர 10 நாளுக்கு மேல் ஆகும், ஆக நோயைப் பரப்புவது வயதான கொசு. அதற்குள் அது பல முறை ரத்தம் தேடி வருகிறது, அதில் ஒரு முறையாவது மருந்துள்ள ரத்தம் அதன் வாய்க்குப் போக வேண்டும். ஐவர்மெக்டின் மனித ரத்தத்தில் சுமார் 18 மணி நேரத்தில் பாதியாகிறது, நிட்டிசினோனுக்கு ஏறக்குறைய 54 மணி நேரம். அல்காப்டோனூரியா என்ற அரிய நோய்க்காகத் தினமும் வெறும் 2 மில்லிகிராம் சாப்பிடுபவர்களின் ரத்தமே கொசுவைக் கொன்றிருக்கிறது. ஐவர்மெக்டினையும் நீட்டலாம்: கிலோவுக்கு 300 மைக்ரோகிராம் வீதம் 3 நாள் கொடுத்தபோது 28 நாள் கழித்தும் அந்த ரத்தம் குடித்த கொசுக்கள் செத்ததைக் கென்யாவில் கண்டார்கள். ஆனால் ரத்தத்தில் அளவு குறையக் குறையச் சாவும் மெதுவாகிறது, அந்த இடைவெளியில் கொசு இன்னொருவரைக் கடித்துவிடலாம்.

சரி, ஐவர்மெக்டினை லேசாக நினைத்துவிடக் கூடாது. 1987 முதல் ஆற்றுக் குருட்டு நோய்க்காக இலவசமாகக் கொடுத்துவருகிறார்கள். கென்யாவின் குவாலேயில் மாதம் ஒரு முறை, மூன்று மாதம் கொடுத்ததில் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம் மலேரியாத் தொற்று 26 சதவீதம் குறைந்தது. அந்த மாதிரி ஊர் அளவிலான அனுபவம் நிட்டிசினோனில் எனக்கு இல்லை, என் கையில் இருப்பது கூண்டும் சில நூறு கொசுக்களும்தான். தவிர, நிட்டிசினோன் சாப்பிடுபவரின் ரத்தத்தில் டைரோசின் ஏறும், தொடர்ந்து சாப்பிட்டால் கருவிழியில் படிந்து கண் எரியலாம். நாளைக்கே ஓர் ஊருக்கு மாத்திரை கொடுக்க வேண்டும் என்றால் நானும் ஐவர்மெக்டினைத்தான் எடுப்பேன்.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவென்றால் கதை வேறு. வழக்கமாக மனிதருக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் அளவு அதைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. அடுத்த கூண்டில் ஏடிஸை விட்டு நிட்டிசினோனையே ஊட்டப்போகிறேன்.