காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு: எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போகிறவர்களில் பலர், வாசலில் நிற்கும் செதுக்குத் தூணையும் ஆளுயரக் கண்ணாடியையும் பார்த்து மலைத்து, விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பிவிடுகிறார்கள். அந்தத் தெருவின் வளம் வாசலில் இல்லை. உள்ளே தரையிலிருந்து உத்தரம் வரை அடுக்கிக் கிடக்கும் பாத்திரங்களிலும், இடித்த வீடுகளிலிருந்து வந்த கதவு, சட்டம், தூண் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகைகளிலும் இருக்கிறது. அலங்காரத்துக்கு அல்ல, மறுபடியும் வேலைக்குப் போகிற பொருளுக்காகத்தான் இந்தத் தெருவுக்குப் போக வேண்டும். அந்த வகையில் தமிழ்நாட்டில் இதற்கு இணையான இடம் மிகக் குறைவு.

இவ்வளவு சாமான் ஒரே தெருவில் சேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பர்மா, மலேயா, இலங்கை என்று வட்டித் தொழில் நடத்திய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்), பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து 1930கள் வரை செட்டிநாட்டு ஊர்களில் பெரிய பெரிய வீடுகளைக் கட்டினார்கள். பர்மா தேக்கு கப்பலில் வந்தது. எனாமல் சாமான் ஐரோப்பாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தது. பெண்ணுக்குக் கொடுக்கும் சீர்ச் சாமான்களே தனி அறைகளை நிரப்பின. இரண்டாம் உலகப் போரில் பர்மாத் தொழில் முறிந்த பிறகு வரவு நின்றுபோனது, வீடு மட்டும் எஞ்சியது. பங்காளிகள் பலர், பராமரிப்புச் செலவு பெரிது என்ற நிலையில் வீடுகள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டு, பொருள்கள் இங்கே வந்து சேர்ந்தன. வாங்கும் அண்டாவின் கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தால் அது ஒரு வீட்டின் புழங்குபொருள். தேய்த்து அழிக்கச் சொல்லாமல் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

போகும்போது ஒரு காந்தத் துண்டு, டார்ச், அளவு நாடா, பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ், ஒரு பழைய துண்டு ஆகியவற்றை எடுத்துப் போங்கள். கடைகளின் உள்பகுதி இருட்டு. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்க்காமல் எதையும் முடிவு செய்ய வேண்டாம். காலையில் போவதுதான் நல்லது.

முதலில் பாத்திரம். பளபளவென்று மஞ்சளாக இருப்பதெல்லாம் பித்தளை அல்ல. காந்தம் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. ஒட்டாவிட்டால் அடுத்த சோதனை ஓசை. பாத்திரத்தை விளிம்பில் பிடித்துத் தூக்கி விரல் கணுவால் தட்டுங்கள். வெண்கலம் நீண்டு ஒலிக்கும். பித்தளை கொஞ்சம் ஒலித்து அடங்கும். வெண்கலப் பானை 'டப்' என்று அடங்கினால் எங்கோ விரிசல் இருக்கிறது, வைத்துவிட்டு நகருங்கள். வெண்கலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வெள்ளீயம் இருப்பதால் அது கடினமான, ஆனால் முறியும் உலோகம். பித்தளைச் சொட்டையைத் தட்டி எடுக்கலாம். வெண்கலத்தைத் தட்டினால் உடையும். அதனால் சொட்டை விழுந்த பித்தளைத் தவலையை விலை குறைத்து வாங்கலாம், விரிசல் விட்ட வெண்கலப் பானையை எந்த விலைக்கும் சமையலுக்கு வாங்கக்கூடாது.

அடியையும் இணைப்புகளையும் பாருங்கள். சாம்பல் நிறத்தில் உலோகம் வழிந்து உறைந்திருந்தால் ஓட்டையைப் பற்றவைத்திருக்கிறார்கள். பழைய பற்றுகளில் காரீயம் என்ற நச்சு உலோகம் இருக்க வாய்ப்பு அதிகம், ஆகவே அந்தப் பாத்திரம் சமையலுக்கு ஆகாது. பூந்தொட்டிக்கோ, கூடத்தில் தண்ணீரில் பூ மிதக்கவிடவோ வைத்துக்கொள்ளலாம். சந்தேகமாக இருந்தால் கடைக்காரரிடம் சொல்லித் தண்ணீர் நிரப்பி, காய்ந்த செய்தித்தாள்மேல் வைத்துவிட்டு மற்ற கடைகளைப் பார்த்து வாருங்கள். கசிவு தாளில் தெரிந்துவிடும்.

விலை பெரும்பாலும் எடையை ஒட்டித்தான் வருகிறது. ஊரிலிருந்து கிளம்பும் முன் உங்கள் பக்கத்துப் பாத்திரக் கடையில் அன்றைய பழைய பித்தளை விலையையும் புதுப் பித்தளை விலையையும் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய விலைக்குக் கீழே யாரும் தரப்போவதில்லை. புது விலைக்கு மேல் கேட்டால் அந்த உபரி எதற்கு என்று பாருங்கள்: கனமான வார்ப்பா, கைவேலையா, அல்லது பழமை என்ற சொல்லுக்கு மட்டுமா? வேலைப்பாடு இல்லாத கனத்த சருவமும் தூக்கும்தான் இந்தத் தெருவின் ஆகச்சிறந்த கொள்முதல். அவற்றை யாரும் புகைப்படம் எடுப்பதில்லை, அதனால் விலையும் ஏறுவதில்லை.

வாங்கிய பித்தளையில் சமைக்க வேண்டுமானால் ஈயம் (காரீயம் அல்ல, வெள்ளீயம்) பூசியே ஆக வேண்டும். பூசாத பித்தளையில் புளியும் மோரும் பட்டால் பச்சைக் களிம்பு பிடிக்கும், உணவில் செம்பும் துத்தநாகமும் இறங்கும். ஈயம் பூசுபவர் பாத்திரத்தை அழுக்கும் களிம்பும் போகத் துலக்கி, அடுப்பில் சூடேற்றி, நவச்சாரத் தூளைத் தூவி, வெள்ளீயக் குச்சியைத் தேய்த்து, உருகியதும் பஞ்சால் ஒரே வீச்சாக உள்முழுதும் பரப்புவார். வெண்புகை எழும். பக்கத்தில் நின்று முகர வேண்டாம். பூச்சு ஒட்டாமல் திட்டுத் திட்டாக வந்தால் பெரும்பாலும் காரணம், துலக்கியது போதவில்லை என்பதுதான். மறுபடி செய்து தரச் சொல்லுங்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். காலிப் பாத்திரத்தை அடுப்பில் விட்டால் சில நிமிடங்களில் பூச்சு உருகிச் சேர்ந்துவிடும். தாளிப்பை வேறு கரண்டியில் செய்து கொட்டுங்கள். பூச்சு தேய்ந்து உள்ளே மஞ்சள் தெரிய ஆரம்பித்தால் திரும்பவும் பூச வேண்டும். வெண்கலப் பானைக்கு இந்தத் தொல்லை இல்லை. பொங்கலும் சோறும் நேரடியாக வைக்கலாம். ஆனால் கொதிக்கக் கொதிக்க இறக்கிய பானையில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் விரிசல் விட்டுவிடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்கச் சொல்வோம்: ரசத்துக்கான பழைய ஈயச்சொம்பு. சுத்த வெள்ளீயமாக இருந்தால் நல்ல பொருள்தான். காரீயம் கலந்திருந்தால் புளிச்சாற்றில் அது இறங்கும், குழந்தைகளுக்குப் பெரிய கேடு. வெள்ளைத் தாளில் தேய்த்தால் கறுப்பாகக் கோடு விழுகிறதா என்று பார்க்கும் வழக்கம் உண்டு. விழுந்தால் வேண்டாம் என்று முடிவு செய்யலாம். விழாவிட்டால் சுத்தம் என்று நம்பிவிட முடியாது. சோதித்துச் சான்று தரும் கடையில் புதிதாக வாங்குங்கள்.

எனாமல் அடுக்குத் தூக்கும், கிண்ணியும், மூடிபோட்ட டப்பாவும் இந்தத் தெருவின் இன்னொரு அழகு. அடியில் உள்ள முத்திரையைப் படியுங்கள். செக்கோஸ்லோவாக்கியா என்று இருந்தால் அந்த நாடே 1918இல்தான் பிறந்தது, அதற்கு முந்தையது என்று சொல்லும் விலையைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். முத்திரையே இல்லாமல், சிராய்ப்பெல்லாம் ஒரே மாதிரி, துருவும் ஒரே நிறம் என்றால் புதிதாகச் செய்து பழசாக்கியது என்று சந்தேகப்படுங்கள். உண்மையான புழக்கத் தேய்மானம் கைப்பிடியிலும் அடியிலும் மூடி உரசும் விளிம்பிலும்தான் அதிகம் இருக்கும். பழைய எனாமலில், குறிப்பாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில், காரீயமும் காட்மியமும் இருக்கலாம். உள்பக்கம் சில்லு பெயர்ந்ததில் சாப்பிடக்கூடாது. அதை விளக்குக் கூண்டாக்கலாம். துளை போடும் இடத்தில் இருபுறமும் காகித டேப் ஒட்டி, பின்னால் மரக்கட்டையை அண்டக் கொடுத்து, குறைந்த வேகத்தில், அழுத்தாமல் துளையுங்கள். வேகம் கூடினால் கண்ணாடிப் பூச்சு சுற்றிலும் சிதறும். துளையின் விளிம்பை அரம் போட்டு, துருத் தடுப்பு வண்ணம் தொட்டுவைக்காவிட்டால் ஒரு மழைக்காலத்தில் துரு படர்ந்துவிடும்.

பீங்கான் ஜாடிக்குத் தட்டிப் பார்ப்பது மட்டும் போதாது. மயிரிழை விரிசல் தட்டலில் தப்பிவிடும். வாங்கி வந்ததும் உப்புத் தண்ணீர் நிரப்பி இரண்டு மூன்று நாள் வைத்தால், விரிசல் உள்ள இடத்தில் வெளியே உப்புப் பூக்கும். பூக்காத ஜாடியில் ஆவக்காய் போடலாம். பூத்த ஜாடி வாசலில் குடை வைக்க ஆகும். பழைய எண்ணெய் வாடைக்குச் சமையல் சோடாவைக் குழைத்துத் தடவி ஓரிரவு வைத்து, சீயக்காயால் தேய்த்து, நல்ல வெயிலில் கவிழ்க்காமல் காய வையுங்கள். மூடி பெரும்பாலும் வேறு ஜாடியுடையதாக இருக்கும், வாயின் உள்விட்டத்தை அளந்து பொருத்தமானதைத் தேடிக் கேளுங்கள்.

இனி மரம். இங்கேதான் அதிகப் பணம் போகும், அதிக ஏமாற்றமும் நடக்கும். தேக்கா என்று அறிய மெருகேற்றிய முகப்பைப் பார்க்காதீர்கள். பின்புறத்தையும் அறுத்த முனையையும் பாருங்கள். நகத்தால் அல்லது கத்தி நுனியால் மறைவான இடத்தில் லேசாகச் சுரண்டினால் தேக்கின் எண்ணெய்ச் சத்துள்ள தோல்வாடை வரும். வெள்ளை மரத்துக்குச் சாயம் ஏற்றியது என்றால் சுரண்டிய இடம் வெளுத்திருக்கும். வண்டுத் துளைகள் இருந்தால் உடனே ஒதுக்க வேண்டியதில்லை. துண்டை விரித்து அதன்மேல் பலகையைத் தட்டுங்கள். வெளிர்நிறத்தில் புதுத் தூள் கொட்டினால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. ஒன்றும் கொட்டாமல், துளைகள் கறுத்து அழுக்கடைந்திருந்தால் பழைய காயம். தட்டும்போது ஒரு பகுதி மட்டும் உள்ளீடற்று ஒலித்தால் கறையான் தின்றது, அதற்கு மருந்து கிடையாது.

லேசான வண்டுக்கு: ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம் வெங்காரம் (போராக்ஸ்), 40 கிராம் போரிக் அமிலம் கரைத்து, பழைய மெருகை முழுக்க எடுத்த மரத்தில் இரண்டு முறை பூசி, நிழலில் நன்றாகக் காயவிட்டு, பிறகுதான் எண்ணெயோ மெருகோ ஏற்ற வேண்டும். மெருகின் மேலேயே பூசினால் கரைசல் உள்ளே போகாது. உணவு வைக்கும் மரவைகளுக்கு (மரக் கிண்ணங்களுக்கு) இதைப் பயன்படுத்த வேண்டாம்.

பச்சையும் நீலமுமாக வண்ணம் அடித்த கதவுகளை வாங்கி உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். இந்தியாவில் வீட்டு வண்ணங்களில் காரீயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு வந்ததே 2017 நவம்பரில்தான். அந்தக் கதவில் உள்ளது அதற்குப் பல பத்தாண்டு முந்தைய வண்ணம். உலர்ந்த தேய்ப்பு கூடவே கூடாது. நனைத்துத் தேய்த்து, முகக்கவசம் போட்டு, குழந்தைகள் இல்லாத இடத்தில் செய்து, சுரண்டல்களைத் தாளில் வாரிக் கட்டுங்கள். வண்ணம் கெட்டியாக இருந்தால் அதன்மேல் நிறமற்ற பூச்சு கொடுத்து அப்படியே விடுவது இன்னும் நல்லது. அந்த நிறத்துக்காகத்தானே வாங்கினோம்.

கதவை மேசையாக்கும்போது எடையைக் கணக்கிட மறந்துவிடுகிறார்கள். 6 அடி உயரம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அங்குலக் கனமுள்ள தேக்குக் கதவு ஒன்று ஏறக்குறைய 20 கிலோ. இரட்டைக் கதவும் அதன்மேல் 8 மில்லிமீட்டர் கண்ணாடியும் சேர்ந்தால் 75 கிலோவை எட்டும். மெல்லிய இரும்புக் கால்கள் ஆடும், நான்கு கால்களையும் இணைக்கும் சட்டம் வேண்டும். சாப்பாட்டு மேசைக்கு மொத்த உயரம் 75 செ.மீ. என்று வைத்துக்கொண்டு, கதவு, கண்ணாடியின் கனத்தைக் கழித்துக் காலை வெட்டச் சொல்லுங்கள். பழைய கதவுகள் கீல் இல்லாமல், குடுமி என்ற மர முளையில் சுழல்பவை. அந்தக் குடுமியை அறுத்துவிட வேண்டாம், மேசையின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கட்டும். ரம்பம் வைக்கும் முன் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள், உள்ளே புதைந்த ஆணி ரம்பப் பல்லைத் தின்றுவிடும். கதவைச் சட்டத்தோடு இறுக்கி முடுக்காமல் திருகுக்கு நீள்துளை விடுங்கள், பருவத்துக்குப் பருவம் பலகை விரிந்து சுருங்கும். முழுத் தூணை வாங்கி அறுத்து விளக்குத் தண்டாக்குவதை மட்டும் செய்யாதீர்கள். போதிகைகள் தனியாகவே கிடைக்கின்றன, சுவர்ப் பலகையைத் தாங்க இரண்டு போதும்.

சாமிப் படங்களை லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒழுங்கான சின்னப் புள்ளி வட்டங்கள் தெரிந்தால் அண்மைக்கால ஆஃப்செட் அச்சு. கல்லில் வரைந்து எடுத்த பழைய கல்லச்சில் புள்ளிகள் ஒழுங்கற்றுச் சிதறியிருக்கும். சட்டத்தின் பின்பலகையை மாற்றி, படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே இடைவெளி விட்டுப் புதிதாகச் சட்டமிடுங்கள்.

இனி அரசுச் சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த கலை, கைவினைப் பொருள்கள் தொல்பொருள் ஆகலாம். அவற்றை விற்க உரிமம் வேண்டும், தனிநபர் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. 1920களின் வீட்டுக் கதவுகள் இப்போது அந்த வயதைத் தொட்டு வருகின்றன. வெளிநாட்டில் வாழ்பவர்கள் மத்திய அரசின் தொல்லியல் துறையிடம் தொல்பொருள் அல்ல என்ற சான்று பெற்ற பிறகே பொருளை அனுப்ப வேண்டும். கற்சிலை, உலோகச் சிலை, கோவில் வாகனத் துண்டு எதையும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். எங்கிருந்து வந்தது என்று நிரூபிக்க முடியாத பொருளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் வாங்கியவரும்தான். எதை வாங்கினாலும் பொருளின் விவரம் எழுதிய ரசீது கேளுங்கள்.

சென்னையிலிருந்து பல்லவன் விரைவு ரயில் நேராகக் காரைக்குடிக்கு வருகிறது. பாத்திரங்களைக் கையோடு கொண்டுவந்துவிடலாம். மரத்துக்கு லாரி பார்சல்தான் வழி. கட்டும்போது பக்கத்திலேயே இருங்கள். ஜாடிக்குள் பித்தளையை அடுக்கி இடத்தை மிச்சப்படுத்த முயல்வார்கள். ஒரு குலுக்கலில் ஜாடி போய்விடும். ஜாடிக்கு உள்ளும் புறமும் வைக்கோல், கதவின் முனைகளுக்குச் சாக்கு, கண்ணாடி இருந்தால் படுக்க வைக்காமல் நிறுத்தி என்று சொல்லிக் கட்டவையுங்கள். கட்டுக்கூலியைப் பொருள் விலையோடு சேர்த்தே பேசி முடித்துவிடுங்கள்.