சனல் பிரிச்ச ஈ1 லைன்: மூண்டு வருசத்து எரிச்சல்

கிளிநொச்சில இருக்கிற எங்கட ஒபிசுக்கும் முல்லைத்தீவுக் கிளைக்கும் இடையில ஒரு ஈ1 லைன் (போன் குரலும் டேற்றாவும் சேர்ந்து போகக்கூடிய டிஜிற்றல் லைன்) ஓடுது. தாங்களும் எடுக்கப்போறம், சனல் பிரிச்சு எடுக்கிறதோ முழுசா எடுக்கிறதோ எண்டு வவுனியாவில இருக்கிற கூட்டாளி ஒருத்தன் கேட்டவன். போன ஐப்பசி இடியில மக்ஸ் காட் (போனையும் டேற்றாவையும் ஒரே லைன்ல சேர்க்கிற காட்) எரிஞ்சு புதுசு போட்ட சூடு எனக்கு இன்னும் ஆறேல்ல, அதால கொஞ்சம் காரமா வரும்.

ஈ1 எண்டா செக்கனுக்கு 64 கிலோபிட் வீதம் 32 ஸ்லொட் (லைனைப் பங்குபோட்ட சனல்), மொத்தம் 2048 கிலோபிட், அது தெரிஞ்ச கதை. 0ஆம் ஸ்லொட் பிரேமிங்குக்கு (ஸ்லொட் வரிசை எங்க தொடங்குது எண்டு காட்டுற அடையாளம்), 16 சிக்னலிங்குக்கு (கோல் எடுக்கிற, வைக்கிற தகவல்). 1 தொடக்கம் 15 வரை போனுக்கு, 17 தொடக்கம் 31 வரை டேற்றாவுக்கு எண்டு நாங்கள் பிரிச்சம், அப்ப டேற்றாவுக்கு வெறும் 960. என்ர விசர் என்னெண்டா, பின்னேரம் நாலரைக்குப் பிறகு ஒருத்தரும் கதைக்கிறேல்ல, போன் ஸ்லொட் பதினைஞ்சும் சும்மா கிடக்கும், ஆனா அந்த நேரம்தான் கிளைக் கணக்கு பைல் வரும், பக்கத்தில கிடக்கிறதைத் தொடேலாது. பக்கத்து வாய்க்கால்ல தண்ணி நிக்க எங்கட வயல் காயிற மாதிரி.

காட் வரும்வரைக்கும் ரெண்டு பக்கமும் ரவுட்டரை நேர லைன்ல குத்தி பிரேமிங்கையும் எடுத்துவிட்டம் (ஒரு பக்கம் மட்டும் மாத்தினா லைன் எழும்பாது, அது விளங்கவே அரைநாள்). ரெண்டு கிழமை முழு 2048ம் டேற்றாவுக்கு, என்ன சந்தோசம்! கிளையோட கதைக்கிறது மட்டும் கைபோன்ல, பில்லைப் பாத்து முதலாளி குதிச்சார்.

புது காட் வந்தாப்பிறகு போன்ல டிக் டிக், டேற்றாவில எரர். ரெண்டு முனையும் தன்ர தன்ர குளொக்கில (பிட் அனுப்புற வேகத்துக்குத் தாளம் போடுறது) ஓடியிருக்கு. ஒரு முனையை லைன்ல இருந்து குளொக் எடுக்கவிட அடங்கிப்போச்சு, இதைக் கண்டுபிடிக்க வந்த ரெக்னீசியனுக்கு மூண்டு நாள்.

நியாயமாச் சொன்னா, எவ்வளவு பெரிய பைல் ஓடினாலும் குரல் ஒருநாளும் வெட்டினதில்ல. முழுசா எடுத்தா குரலையும் டேற்றா மாதிரித் துண்டு துண்டா, பக்கெட்டா அனுப்பி, அதுக்கு முன்னுரிமை குடுக்கச் சண்டை பிடிக்கோணும். காலமை கேட்டிருந்தா பிரிச்சே எடு எண்டிருப்பன்.

இப்ப நேரம் அஞ்சு பத்து, பைல் 61 வீதத்தில நிக்குது. பிரிச்சு எடுக்காதை மச்சான், முழுசா எடு.