ஐந்து நாள் சிறு பாய்ப்படகுப் பந்தயப் பயிற்சி: போய் வந்து எழுதுகிறேன்

முகாம் முடிந்து பத்து நாளாகிறது. அங்கே கற்றது நிஜப் பந்தயத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்றுதான் காத்திருந்தேன். அதற்குள் இரண்டு வார இறுதிகளில் பந்தயம் ஓட்டியாகிவிட்டது. பெரும்பாலும் நிற்கிறது.

எல்லாருக்கும் ஐஎல்சிஏ படகு கொடுத்தார்கள். 1971-இல் லேசர் என்ற பெயரில் வந்த அதே படகுதான், 4.2 மீட்டர் நீளம், ஒரு பாய், ஒரு ஆள். எடை குறைந்தவர்களுக்குச் சின்னப் பாய் மாட்டிக்கொள்ளலாம், படகின் உடல் ஒன்றேதான். எல்லார் கையிலும் ஒரே படகு இருப்பதால் பின்தங்கினால் ஓட்டியவரைத்தான் பார்க்க வேண்டும், பந்தயம் கற்க இதைவிடப் பொருத்தமான படகை நான் கண்டதில்லை.

நான் போனது தந்திரம் கற்க. எப்போதும் நடுக்கூட்டத்தில் முடிக்கிற ஆள் நான், காற்று திரும்புவதை மற்றவர்கள் எனக்கு முன்பே பார்த்துவிடுகிறார்கள், குறை அங்கேதான் என்று பல வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். முதல் நாள் காலை பயிற்சியாளர் தந்திரம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. சுக்கானைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு வாருங்கள் என்றார்.

சுக்கான் இல்லாமல் ஓட்டிப் பார்க்காதவர்களுக்காக: உடம்பைச் சாய்த்தும் பாயை இழுத்தும் விட்டும்தான் படகைத் திருப்ப வேண்டும். காற்று போகும் பக்கம் படகு சாய்ந்தால் மூக்கு காற்றை நோக்கி ஏறும், காற்று வரும் பக்கம் சாய்த்தால் மூக்கு விலகும். பாயை இழுத்தால் ஏறும், விட்டால் விலகும். படித்துத் தெரிந்த விஷயம்தான், ஆனால் அன்றைக்கு இரண்டு மணி நேரம் தண்ணீரில் வட்டமடித்த பிறகுதான், இத்தனை நாளாக நான் சாய்ந்த படகைச் சுக்கானால் வலுக்கட்டாயமாக நேரே பிடித்துக்கொண்டிருந்தேன், அந்தச் சுக்கான் பிரேக் மாதிரி வேலை செய்துகொண்டிருந்தது என்று உடம்புக்குப் புரிந்தது. மதியம் சுக்கானை மாட்டியதும் டில்லரை (சுக்கானின் கைப்பிடியை) இரண்டு விரலால் பிடிக்க முடிந்தது. முகாமுக்குக் கொடுத்த பணம் எனக்கு அந்த ஒரு நாளிலேயே கழிந்துவிட்டது.

இரண்டாம் நாள் முழுக்க டாக், அதாவது படகின் மூக்கைக் காற்றுக்குக் குறுக்கே கொண்டுபோய்ப் பாயை எதிர்ப்பக்கம் மாற்றும் திருப்பம். காற்று குறைவாக இருந்ததால் உடம்பால் படகை உருட்டி டாக் செய்யும் முறையைத் திரும்பத் திரும்பச் செய்தோம்: காற்று போகும் பக்கம் லேசாகச் சாய்த்துத் திருப்பத்தைத் தொடங்குவது, மூக்கு காற்றைத் தாண்டும்போது உடம்பை வெளியே போட்டுப் படகை உருட்டுவது, தாவி எதிர்ப்பக்கம் போய்ப் படகைத் தட்டையாக்கிக்கொண்டே பாயை இழுப்பது. நான் எப்போதும் தவறுவது அந்தத் தாவலில்தான், அரை நொடி முன்னாலேயே தாவிவிடுவேன். பயிற்சியாளர் ரப்பர் படகில் பக்கத்திலேயே வந்து "இரு, இரு, இப்போது" என்று கத்தித் திருத்தினார். உருட்டுவதற்கு எல்லை உண்டு என்பதையும் சொன்னார்: டாக் செய்யாமலே இருந்திருந்தால் எவ்வளவு வேகம் இருந்திருக்குமோ, டாக் முடிந்ததும் அதைவிட அதிக வேகத்தில் வெளியே வந்தால் பாய்ப்படகுப் பந்தய விதிகளில் 42-ஆவது விதிப்படி தவறு.

மூன்றாம் நாள் ஸ்டார்ட், இதைப் பற்றி நிறைய எழுத இருக்கிறது. இரண்டு மிதவைக்கு நடுவே நூறு மீட்டர் கோடு, மூன்று நிமிஷத்துக்கு ஒரு விசில், காலையிலிருந்து மாலை வரை. தொடங்கியதும் காற்றை எதிர்த்துத்தான் போக வேண்டும் என்பதால், மூக்கைக் காற்றுக்கு நேரே காட்டி நின்று கோட்டின் எந்த முனை காற்றுப் பக்கம் இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் பார்க்கச் சொன்னார். நூறு மீட்டர் கோடு பத்து டிகிரி சாய்ந்திருந்தால் நல்ல முனைக்கும் கெட்ட முனைக்கும் காற்றுத்திசையில் 17 மீட்டர் வித்தியாசம், அதாவது நான்கு படகு நீளம், பந்தயம் தொடங்கும் முன்பே. அப்புறம் கரையில் ஒரு மரத்தையும் கோட்டின் முனையையும் நேர்கோடாக வைத்துப் பார்க்கும் பழக்கம். நடுவில் நிற்கும்போது கோடு நாம் நினைப்பதைவிட முன்னால்தான் இருக்கும், எல்லாரும் பயந்து ஒரு படகு நீளம் பின்னால் நிற்பார்கள், அந்த இடைவெளி மரத்தைப் பார்ப்பவருக்கு இலவசமாகக் கிடைக்கிறது. இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பயன்பட்டது, காற்று போகும் பக்கத்தில் ஓர் இடைவெளியை உண்டாக்கிக் கடைசி வரை காப்பாற்றுவது. அந்த இடம் இருந்தால்தான் கடைசி சில நொடிகளில் மூக்கை இறக்கி வேகம் பிடிக்க முடியும். இடம் இல்லாமல் சரியான நேரத்தில் கோட்டில் நின்றும் பயனில்லை, பக்கத்துப் படகின் கெட்ட காற்றில் மாட்டிக்கொண்டு டாக் செய்து போர்ட் டாக்கில் (காற்று இடப்பக்கமிருந்து வரும்படி) வெளியேற வேண்டியதுதான்.

இனி குறைகள். கொடுத்த பாய்கள் பழசு. துணி இழுபட்டுப் பாயின் வயிறு (காற்றில் உப்பும் பகுதி) பின்னால் போயிருந்தது, கன்னிங்ஹாமை (பாயின் முன்விளிம்பைக் கீழே இழுக்கும் கயிற்றை) எவ்வளவு இறக்கினாலும் முன்னால் வரவில்லை. நான்காம் நாள் இரண்டிரண்டு படகாகப் பக்கத்தில் ஓட்டி, ஒருவர் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி, யார் முன்னேறுகிறார் என்று பார்க்கும் பயிற்சி, அருமையான பயிற்சி, ஆனால் என் பாயும் எதிராளி பாயும் ஒரே நிலையில் இல்லாதபோது வாங்கை (பாயின் அடிக்கட்டையைக் கீழே இழுக்கும் கயிற்றை) இறுக்கியதால் வென்றேனா, அதிகம் பழசாகாத பாயால் வென்றேனா என்று எப்படித் தெரியும்? இது சின்னக் குறை இல்லை, அரை நாள் வீணானது. கேட்டேன், ஒத்துக்கொண்டார்கள், மாற்றுப் பாய் இல்லை.

பன்னிரண்டு படகுக்கு ஒரே பயிற்சியாளர் என்பதும் அதிகம். வீடியோ இரவில்தான் போட்டார்கள். காலையில் செய்த டாக் அப்போது கைக்கு நினைவில்லை, மதியச் சாப்பாட்டின்போது பத்து நிமிஷம் காட்டியிருந்தால் போதும்.

தந்திரத்துக்குக் கடைசி நாள் மட்டும்தான். அதிலும் ஒரு மணி நேரம் 2000 சிட்னி ஒலிம்பிக் கதை: லேசர் பிரிவின் கடைசிப் பந்தயத்தில் பிரிட்டனின் பென் ஐன்ஸ்லி மற்ற எல்லாரையும் விட்டுவிட்டுப் பிரேசிலின் ராபர்ட் ஷைட் ஒருவரையே மடக்கிப் பின்னால் தள்ளித் தங்கம் வாங்கியது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாற்பது படகு ஓடும் சாதாரணப் பந்தயத்தில் ஒருவரையே மடக்கப் போனால் மற்ற முப்பத்தெட்டுப் பேரும் போய்விடுவார்கள். அந்த நேரத்தைக் காற்று வரும் பக்கத்தில் சுற்றித் திரும்ப வேண்டிய மிதவைக்குக் கொடுத்திருக்கலாம். மிதவையைச் சுற்றிய மூன்று படகு நீள வட்டத்துக்குள் போர்ட்டில் வந்து டாக் செய்து, ஏற்கெனவே ஸ்டார்போர்டில் (காற்று வலப்பக்கமிருந்து வரும்படி) நேராக வருகிறவரைக் காற்றை நோக்கி மேலே தள்ளுவது, எங்களில் பாதிப்பேர் செய்யும் தவறு. அது பலகையில் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

காற்று திரும்புவதைப் பற்றிச் சொன்னது குறைவு என்றாலும் உருப்படியானது. மூக்கு மிதவையை விட்டு இறங்குகிறதா, டாக் செய். ஏறுகிறதா, அப்படியே போ. லேலைனுக்கு, அதாவது இனி டாக் செய்யாமலே மிதவையை எட்டிவிடக்கூடிய கோட்டுக்கு, சீக்கிரம் போகாதே, அங்கே போன பிறகு காற்றின் எந்தத் திருப்பமும் உனக்கு உதவாது. இவை தெரிந்தவைதான், ஆனால் டாக் ஒவ்வொன்றிலும் இரண்டு படகு நீளம் இழந்துகொண்டிருந்த காலத்தில் காற்றின் சின்னத் திருப்பத்துக்கு டாக் செய்வதே எனக்கு நஷ்டமாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. போன ஞாயிறு காற்றை எதிர்த்துப் போகும் ஒரே ஏற்றத்தில் ஏழு டாக் செய்தேன், முன்பு மூன்றுக்கு மேல் துணிய மாட்டேன்.

யாருக்கு இது பொருந்தும்? படகைக் கவிழாமல் ஓட்டத் தெரிந்து, ஒரு வருஷமாவது பந்தயம் ஓட்டியவர்களுக்கு. முற்றிலும் புதியவர்களுக்கு முதல் நாளே கஷ்டம், முன்வரிசையில் முடிப்பவர்களுக்குக் கடைசி நாள் போதாது. பதிவு செய்யும் முன் பாய் எத்தனை பழசு, ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை படகு என்று கேளுங்கள். அடுத்த முகாமுக்கு நான் மறுபடி பெயர் கொடுத்திருக்கிறேன், பாயை மட்டும் நானே கொண்டு போகிறேன்.