கும்பகோணத்துல பாதி டிக்கெட்டுல வள்ளி திருமணம்

ஊருக்குப் போறவங்க குலதெய்வம் கோயில், கல்யாணம், பேங்க் வேலை, பல் டாக்டர்னு லிஸ்ட் போடறப்ப அதுல ஒரு ராத்திரிய இசை நாடகத்துக்குன்னு ஒதுக்கி வைங்கன்னு சொல்றதுக்குத்தான் இத எழுதறேன். நான் இருக்கறது நியூஜெர்சியில, சொந்த ஊர் பாபநாசம் பக்கம். இந்தத் தடவை போயிருந்தப்ப கும்பகோணத்துல ஒரு பழைய சபா ஹால்ல பழைய நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளோட வள்ளி திருமணம்னு நோட்டீஸ் பாத்தேன், அம்மா, பெரியம்மா, தங்கச்சி, அவ பையன் எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போனேன், எல்லாருக்குமே பாதி விலை டிக்கெட், அப்படியும் அஞ்சாவது வரிசையில உக்காந்து பாத்தோம்.

டிக்கெட் விஷயத்த முதல்ல சொல்லிடறேன், ஏன்னா நிறைய பேர் அதத்தான் கேப்பீங்க. விலை 300, 200, 100. அறுபது வயசு தாண்டினவங்களுக்கும் காலேஜ், ஸ்கூல் பிள்ளைங்களுக்கும் எப்பவுமே பாதி, ஆதாரோ ஐடி கார்டோ காட்டினா போதும். மத்தவங்களுக்கு அன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல மிச்சம் இருக்கற சீட்டு பாதி. இது எதுவுமே அவங்க டிக்கெட் போட்டிருந்த ஆன்லைன் தளத்துல இல்ல, அங்க முழு விலை, அதுக்கு மேல ஒரு சர்வீஸ் சார்ஜ், கடைசியில என் அமெரிக்க கார்டயும் எடுத்துக்கல. அதனால வெளிநாட்டுலேர்ந்து வர்றவங்க ஆன்லைன்ல மல்லுக்கட்டாம நேரா ஹாலுக்குப் போயிடுங்க. வாசல்ல ஒரு மேஜை, மேல சார்ட் பேப்பர்ல கையால வரைஞ்ச சீட் பிளான், வித்த சீட்ட எல்லாம் சிவப்பு பேனாவுல அடிச்சிருந்தாங்க. க்யூஆர் கோடும் இருந்துச்சு. அமெரிக்கா, சிங்கப்பூர், லண்டன்னு சில நாட்டு நம்பர வச்சே என்ஆர்ஐ அக்கவுண்ட்ல யூபிஐ போட்டுக்கற வசதி இப்ப இருக்கு, உங்க பேங்க்ல கேட்டு கிளம்பறதுக்கு முன்னாடியே போட்டு வச்சுக்கோங்க, ஊர்ல டீக்கடை வரைக்கும் அதுதான் ஓடுது.

நியூயார்க்ல டைம்ஸ் ஸ்கொயர்ல 1973லேர்ந்து ஒரு கவுண்டர் இருக்கு, அன்னன்னிக்கு மிச்சம் விழற பிராட்வே நாடக சீட்ட இருபதுலேர்ந்து அம்பது பர்சென்ட் வரைக்கும் குறைச்சு விப்பாங்க. நாங்க குளிர்லயும் க்யூவுல நின்னு வாங்கியிருக்கோம், நல்ல ஏற்பாடு, அத நான் குறை சொல்லல. ஆனா பெரும்பாலும் அங்க என்ன சீட்டு வருதோ அத வாங்கிக்க வேண்டியதுதான். இங்க மேஜையில இருந்த பெரியவர் பெரியம்மா நடந்து வர்றதப் பாத்துட்டு, "தம்பி, அம்மாவுக்கு முழங்கால் வலி போல இருக்கே, ஓரத்து சீட்டா தர்றேன், எழுந்து போய் வர தோதா இருக்கும்"னு அவரே பிளானப் பாத்து மாத்திக் குடுத்தாரு. பாதி காசு குடுத்தவங்கள பின்னாடி தள்ளல. இது எனக்கு ரொம்பப் பெரிய விஷயமா பட்டுச்சு.

மனசுல ஒண்ணு உறுத்திக்கிட்டே இருந்ததால அவர்கிட்டயே கேட்டுட்டேன், இப்படி பாதி விலைக்குக் குடுத்தா நடிக்க வர்றவங்களுக்குக் குறையாதாங்க ஐயான்னு. "நாடக செட்டுக்குப் பேசின சம்பளம் பேசினதுதான் தம்பி. அட்வான்ஸ் போன மாசமே போயிடுச்சு, மீதி வேஷம் கலைக்கறதுக்கு முன்னாடி அவங்க கைக்குப் போயிடும். வசூல் துண்டு விழுந்தா அது எங்க பாடு, நன்கொடை குடுக்கறவங்ககிட்ட போய் நிப்போம்"னாரு. அதக் கேட்டப்புறம்தான் எனக்கு நிம்மதி. காலி நாற்காலியப் பாத்துப் பாடறத விட பாதி டிக்கெட்டுல வந்தவங்களாவது நெறஞ்சு உக்காந்திருக்கறது பாடறவங்களுக்கும் நல்லதுதானே, ஆனா அந்தக் குறைவு அவங்க தலையில விழக்கூடாது.

தஞ்சாவூர் பெரிய கோயில்ல இரண்டாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு, வைகாசித் திருவிழாவுல ராஜராஜேஸ்வர நாடகம் ஆடறதுக்காக ஒரு சாந்திக்கூத்தனுக்கு, அதாவது கூத்து ஆடற கலைஞனுக்கு, வருஷத்துக்கு 120 கலம் நெல்லுன்னு எழுதி வச்சிருக்காங்க. ஆடறவனுக்குக் கூலிய முன்னாடியே நிச்சயம் பண்ற வழக்கம் நம்ம பக்கத்துல ஆயிரம் வருஷத்த ஒட்டி இருக்கு. சீர்காழியில இருந்து ராம நாடகம் பாடின அருணாசலக் கவிராயர், ஆனந்ததாண்டவபுரத்துல இருந்து நந்தனார் சரித்திரம் எழுதின கோபாலகிருஷ்ண பாரதி, மாயவரத்துல பொறந்து திருச்சி மேடையில சின்னப் பையனா ஏறின எம்.கே.டி. பாகவதர், எல்லாரும் இந்தத் தண்ணி குடிச்சவங்க. பாட்டும் கதையும் சேர்ந்த நாடகத்த வெளிநாட்டுல 150 டாலர் குடுத்துப் பாக்கற நாம இத எப்படி விட்டோம்னு தெரியல.

இப்ப நாடகத்துக்கு வர்றேன். ஊர்த் திருவிழாவுல ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சு விடிய விடிய நடக்கற நாடகம், சபாவுக்காக ஏழு மணிலேர்ந்து பத்தரைன்னு சுருக்கியிருந்தாங்க. முதல்ல ஆர்மோனியக்காரர் பாட்டு, பக்கத்துல மிருதங்கம், ஆல்ரவுண்ட்னு சொல்ற டிரம் செட்டு, தாளம், அவ்வளவுதான் மொத்த இசையும். அந்த ஆர்மோனியம் பாடறவங்க எங்க போனாலும் பின்னாடியே போய்ப் பிடிச்சுது பாருங்க, பிராட்வேல முன்னாடி பள்ளத்துல இருபது பேர் உக்காந்து வாசிக்கறதக் கேட்டவன் சொல்றேன், இது வேற வித்தை. பபூன் வந்து கும்பகோணம் டிராஃபிக்லேர்ந்து ஆரம்பிச்சு ஹாலையே அவர் கைக்குள்ள எடுத்துக்கிட்டாரு. அப்புறம் வள்ளி தினைப்புனத்துல குருவி விரட்டற ஆலோலம் பாடினாங்க. அஞ்சு கட்டை சுருதிக்கு மேல இருக்கும் அந்தக் குரல், ஸ்டாண்டு மைக் முன்னால நின்னு ஒரே மூச்சுல மேல போயி அங்கயே நின்னுது, அம்மா என் கைய இறுக்கிப் பிடிச்சாங்க.

நாடகத்தோட உசுரே நாரதர் வள்ளி தர்க்கம்தான். அவர் ஒரு கேள்வி பாட்டுல போடறாரு, இவங்க அத அப்படியே திருப்பி வேற ராகத்துல பதில் குடுக்கறாங்க, அப்புறம் வசனத்துல மடக்கறாங்க, கூட்டம் ஒரு தடவை அந்தப் பக்கம் கைதட்டுது, ஒரு தடவை இந்தப் பக்கம், முக்கால் மணி நேரம் போயிருக்கும், ஒருத்தரும் எழுந்திரிக்கல. தங்கச்சி பையன், "மாமா, இதெல்லாம் முன்னாடியே பேசி வச்சிருப்பாங்களா?"ன்னு கேட்டான். நடிகருங்க அங்கங்கேர்ந்து வந்து சேர்ந்து நடிக்கற இந்த மாதிரி ஸ்பெஷல் நாடகத்துல அதுதான் ஆச்சரியம், ஒத்திகையே கிடையாது. வள்ளி புதுக்கோட்டைப் பக்கம், நாரதர் மதுரைப் பக்கம், அன்னிக்கு மத்தியானம்தான் வந்து சேர்ந்தாங்களாம். பாட்டும் கதையும் எல்லாருக்கும் பாடம், மத்ததெல்லாம் மேடையிலயே. வேடன் போயி விருத்தன் வேஷத்துல முருகன் தள்ளாடிக்கிட்டு வந்தப்ப பெரியம்மா, "எங்க காலத்துல கெழவன் வர்றப்ப கோழி கூவிடும்டா, இவங்க ஒம்பதரைக்கே கொண்டு வந்துட்டாங்க"ன்னு குறைபட்டுக்கிட்டாங்க. எனக்கும் அதே குறைதான், யானை வர்ற இடத்த ரொம்ப வேகமா ஓட்டிட்டாங்க.

சபா சரி பண்ண வேண்டியதும் இருக்கு. பெண்கள் டாய்லெட் பின்பக்கம், வழியில லைட் பத்தல, வயசானவங்கள நம்பித்தானே பாதி விலை குடுக்கறீங்க, அவங்களுக்கு அந்த வழியில ஒரு பல்பும் கைப்பிடியும் போடுங்க. நோட்டீஸ்ல நன்கொடையாளர் போட்டோ பெருசு பெருசா, நடிகர் பேரு கடைசியில பொடி எழுத்துல. வள்ளியா பாடினவங்க பேர நான் விசாரிச்சுத்தான் தெரிஞ்சுக்க வேண்டியிருந்துச்சு. அது எனக்கு ரொம்ப வருத்தம். இடைவேளையில தட்டு வந்தப்ப டிக்கெட்ல மிச்சமான காசோட கொஞ்சம் சேர்த்து கலைஞர்களுக்குன்னு போட்டேன், நீங்களும் போனா அப்படி செய்யுங்க.

போக வர: பகல்ல டவுன் பஸ், அம்மா மாதிரி பொம்பளைங்களுக்கு சாதாரண டவுன் பஸ்ல இலவசம். திரும்பறப்ப பதினோரு மணி ஆயிடும், கிராமத்துக்கு பஸ்ஸ நம்பாதீங்க, எங்க ஊர் டிரைவர் அண்ணன்கிட்ட வெயிட்டிங்கோட சேத்து முன்னாடியே ரேட் பேசி வச்சிருந்தேன், சொன்ன ரேட்டுக்கு மேல ஒரு ரூபா கேக்கல. நாடகத்துக்கு முன்னாடி இட்லியும், அதுக்குத் தொட்டுக்க பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு போட்ட கடப்பாவும் சாப்பிட்டுப் போயிடுங்க, உள்ள காப்பியும் பிஸ்கட்டும் மட்டும்தான்.

மே மாசம் போறவங்களுக்கு டிக்கெட்டே வேண்டாம், நரசிம்ம ஜெயந்திய ஒட்டி மெலட்டூர்ல பாகவத மேளா நடக்கும், வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம், ஆம்பளைங்களே எல்லா வேஷமும் கட்டி தெலுங்குல பாடி ஆடுவாங்க, தஞ்சாவூர்லேர்ந்து அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும். பங்குனி, சித்திரை, வைகாசின்னா உங்க சொந்தக்காரங்கள எந்த ஊர் திருவிழாவுல நாடகம் வச்சிருக்காங்கன்னு கேளுங்க, சுவரொட்டி பாத்தா சொல்லி வைங்கன்னு சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரி ஃபிளைட் போடுங்க.